எலியம்மா வீடு

ஜூன் 3
ஆய்வகத்து எலிக் கூண்டுகளுக்கு மரத்தூள் மாற்றி முடித்து உட்கார்ந்தேன். ஆராய்ச்சி அக்கா வந்து புது வேலை சொன்னார். மரபணு மாற்றிய இரண்டு தாய் எலிகளும் இந்த வாரம் குட்டி போடும். சில குட்டிகளுக்கு மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் சரியாக உருவாகாது. பிறந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும். செத்ததைத் தாயே தின்றுவிடும்; அதற்குள் அக்கா எடுத்தாக வேண்டும்.
"நீ சத்தமே போடமாட்டே, அதுங்க மிரளாது. பார்த்துக்கிட்டே இரு. குட்டி போட்டதும் போன் பண்ணு, ஓடி வந்துடறேன்."
போனா! எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதானே எட்டாம் வகுப்போடு பள்ளியையே விட்டேன்? தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

ஜூன் 5
போச்சு. காலையில் முதல் எலி குட்டி போட்டது. சுவர் போனை எடுத்து எண்ணை அழுத்தினேன். "யார் பேசறது?" என்றார் அக்கா. வெச்சுட்டேன்! ஏன் வெச்சேன்? படியிறங்கி ஓடி, அவர் முன்னால் நின்று மூச்சு வாங்கினேன். இருவரும் மேலே வருவதற்குள், பால் குடிக்க முடியாமல் கிடந்த இரண்டு குட்டிகளையும் காணோம். தாய் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.
அக்கா திட்டவில்லை. "இன்னொண்ணுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா மாசக்கணக்குல காத்திருக்கணும்."
திட்டியிருக்கலாம்.

ஜூன் 6
அப்பா போனில் பேசப் பழக்குகிறார். அவர் அம்மா போனோடு அடுக்களையில், நான் அவர் போனோடு அறையில். நான் வாய் திறப்பதற்குள், "ஹலோ, எலியம்மா வீடுங்களா?" என்கிறார். சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. அம்மா, "அவளைப் பேச வைக்கிறீங்களா, சாகடிக்கிறீங்களா?"

ஜூன் 7
மழை. எலி தூங்குகிறது. நான்தான் நிமிஷத்துக்கொரு தடவை எட்டிப் பார்க்கிறேன்.

ஜூன் 8
போட்டது! ஒரு குட்டி மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. வயிறு காற்றில் உப்பியிருந்தது. பாவம். எண்ணை அழுத்தினேன்.
"யார் பேசறது?"
"எலியம்மா வீடு!" — கடவுளே, அதுதான் வாயில் வந்தது.  அந்தப் பக்கம் சிரிப்பும், படியேறும் செருப்புச் சத்தமும் சேர்ந்து கேட்டன.
அக்கா வந்தபோது குட்டி அப்படியே இருந்தது.

ஜூன் 19
அந்தக் குட்டியின் குழாய்களை அக்கா நுண்ணோக்கியில் எனக்கும் காட்டினார். மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் கருவில் ஒரே குழாயாக இருந்துதான் இரண்டாகப் பிரியுமாம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கவேண்டிய பொடி ரோமங்கள், இந்தக் குட்டிக்கு உணவுக்குழாயில் முளைத்திருந்தன. "இந்த மாதிரிக் குறையோட குழந்தைங்களும் பிறக்குது. எப்படி ஆகுதுன்னு இப்பத்தான் கண்ணால பார்க்கறேன்," என்றார் அக்கா.
"நல்ல குட்டியோடதையும் காட்டுங்கக்கா." நானாகக் கேட்டேன்!

ஜூலை 2
அடுத்த எலிகளைப் பற்றி, அப்பாவின் போனில் அக்காவோடு பேச்சு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, இருங்க என்று கையைக் காட்டினேன்.
அப்பா வாசலில் நின்று கெஞ்சினார்: "எலியம்மா, நானும் ஒரு போன் பண்ணணும். எப்ப தருவே?"