கேற்றடியில் கொடுத்த பார்சல்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி எப்படி? கட்டாரில் நான் சுகம். நேற்று நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் வீட்டு மேடம், விருந்தில் மிஞ்சிய பிரியாணியைப் பெட்டியில் போட்டுக் கதவடியில் வைத்தே தந்தார். கவலைப்படாதீர்கள், ருசியாகத்தான் இருந்தது.

ஆனால் வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதிய கத்தத்தில் நடந்ததை என் மகள் இனாஸ் போனில் சொன்னாள். "உம்மா, றுக்கியா உம்மம்மா வந்தா. ஹிஷாம் மாமா கேற்றடியிலயே சாப்பாட்டுப் பார்சல் குடுத்து அனுப்பிட்டார். முகாம் ஆக்களை உள்ளுக்கு எடுக்க ஏலாதாம்."

முகாம் ஆக்களா? தொண்ணூறில் புலிகள் விரட்ட, மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கி முகாமில் இருந்தவர்களைக் கூட்டிவந்து, ஒரே தட்டைச் சுற்றி, தன் சஹனிலேயே இருத்திச் சாப்பிட்டவர் வாப்பா. அந்த வருஷம் ஹிஷாமைப் பெற்றுவிட்டு நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது அவனுக்குப் பால் கொடுத்தது யார்? தன் பிள்ளையின் பாலைப் பங்கு போட்டுக் கொடுத்தவர் றுக்கியா உம்மா. மார்க்கப்படி அவர் அவனுக்குத் தாய். அது அவனுக்கும் தெரியும். தாய்க்கா பார்சல்? நீங்கள் ஏன் உம்மா பேசாமல் நின்றீர்கள்?

இனாஸ் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அதுதான் எனக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை நீங்களே போய் றுக்கியா உம்மாவைக் கூட்டி வாருங்கள். ஹிஷாமையும் இனாஸையும் அவரோடு ஒரே சஹனில் இருத்துங்கள். இனாஸின் இழுப்பு மருந்து முடிய முன் எடுத்துவையுங்கள். அவளுடைய தலையணை உறை ஒன்றைக் கழுவாமல் இங்கே வரும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

மேடம் கூப்பிடுகிறார். நானும் ஒருநாள் கிழவியாகி அந்தக் கேற்றடிக்குத்தான் வருவேன், உம்மா. இனாஸ் என்னை உள்ளே கூப்பிட வேண்டும்.

வஸ்ஸலாம்,
அக்கீலா