டீக்மான் எந்தக் கரைக்காரன்?

அன்புள்ள கெசினா,

நீயும் அத்தையும் சுகமா? மாடுகள் சுகமா? என் இருமல் போய்விட்டது.

ஹாம்பர்க் கப்பல் பட்டறையில் நேற்றுச் சாப்பாட்டு வேளையில் டீக்மான் என்ற என் குடும்பப் பெயரை வைத்துச் சண்டை. "டீக்னா கடலைத் தடுக்கிற கரை. இவன் தாத்தா அதைக் காத்தவரு" என்றான் என்னோடு வேலை செய்கிற கடலோர ஊர்க்காரன் ஓக்கே. "போடா, எங்க ஊர்ல டீக்னா குளம்" என்றான் இன்னொரு வேலைக்காரன் யூப். "உங்க தாத்தா எந்தக் கரைடா?" என்று என்னையே கேட்டார்கள்.

"எங்க தாத்தாவுக்கு இந்தப் பேரே கிடையாது. டீக்மான் பண்ணைக்கு மாப்பிள்ளையாப் போனேன். எங்க பக்கத்து வழக்கப்படி பண்ணைப் பேரு எனக்கு வந்துடுச்சு."

"அட, பொண்டாட்டி பேரையா சுமக்கிற!"

"இந்த ஊர்ல அவளோடதுன்னு எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்டா" என்றேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. நீ பின்னியதாக இருக்கட்டும். நம் குளம் உறைந்துவிட்டதா என்று எழுது. சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

உன் பெயர்க்காரன்,
ஹென்ரிக்