மூன்றாவது பெட்டியின் ஏழு சீட்டுகள்

அன்புள்ள கொசுவுக்கு, அப்பா எழுதுவது.

இருபத்திரண்டு வயதாகிறது, இனிமேல் அப்படிக் கூப்பிடாதீங்க என்று கிளம்பும்போது சொன்னாய். கடிதத்தில் கூப்பிட்டால் யார் காதிலும் விழாது என்று எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம், உன் அம்மாவின் மூச்சிரைப்பும் நலமாகத்தான் இருக்கிறது. மழைக்காட்டில் நீயும் உன்னோடு கூடாரத்தில் இருக்கும் பிள்ளைகளும் அட்டைக்குக் கொடுத்தது போக மிச்ச ரத்தத்தோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு கெட்ட செய்தி இருக்கிறது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, உன் பூச்சிப் பெட்டிகளைப் பற்றியது. எடுத்த எடுப்பிலே அதை எழுதாதீங்க, நாலு நல்ல விஷயம் எழுதிட்டு அப்புறம் எழுதுங்க, புள்ளை பதறிடுவா என்று உன் அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். அதனால் நாலு நல்ல விஷயம் தேடி எழுதுகிறேன்.

உன் அண்ணன் வாங்கிய பழைய கார் இந்த வாரம் ஒரே ஒரு தடவைதான் நின்றது, அதுவும் மெக்கானிக் கடை வாசலிலேயே நின்றதால் தள்ளுகிற வேலை மிச்சம். கண் ஆஸ்பத்திரியில் உன் அம்மா சீட்டு எழுதுகிற மேஜையை ஜன்னல் ஓரமாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், காற்று வருகிறது, மூச்சுக்கும் நல்லது, வரிசையில் யார் யாரோடு சண்டை போடப் போகிறார் என்பதும் முன்கூட்டியே தெரிகிறதாம். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, நான் ஒன்றும் செய்யவில்லை, தானாக நின்றது, அதனால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான்காவது, காணாமல் போன வெள்ளைப் படுக்கை விரிப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கிளையைத் தட்டினால் வண்டு வந்து விழும்படி கீழே ஒரு வெள்ளைத் துணியைப் பிடிக்கிறோம் என்று நீ எழுதியதைப் படித்ததும் உன் அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேராகப் போய் அலமாரியைத் திறந்து எண்ணினாள். அதை அங்கேயே விட்டுட்டு வரச் சொல்லுங்க என்கிறாள்.

இனி விஷயம். போன வருஷம் நீ அதே காட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து ஊசியில் குத்தி வைத்த வண்டுகள் இருந்த மூன்று கண்ணாடி மூடிப் பெட்டிகளையும் என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாய். மாதம் ஒரு தடவை ஒவ்வொரு பெட்டியிலும் அந்துருண்டை மாற்றி வைக்க வேண்டும், வேறொன்றும் தொடக்கூட வேண்டாம் என்றாய். முதல் மாதம் செய்தேன். இரண்டாம் மாதம் உன் அம்மாவுக்கு இரைப்பு அதிகமாகி, நெடி உள்ள எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மருந்து வாடை அடிக்கும் என் வேலைச் சட்டையே வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். உருண்டைகளை எடுத்து வெளியே போட்டேன். உனக்குச் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பூச்சி மருந்து அடிக்கிறவன் வீட்டில் பூச்சிக்கு என்ன வேலை என்று நினைத்தேன். மருந்தே இல்லாமல் பெட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் உறைகிற ஐஸ் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தாலும் போதும், அந்த வழி எனக்குத் தெரியும், வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லியும் கொடுப்பேன், வீட்டில் செய்யவில்லை. இது ஒரு தப்பு. இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் கம்பளங்களை வண்டு அரிக்கிறது என்று கூப்பிட்டார்கள், போய் அடித்தேன். முட்டைக்கு மருந்து ஏறாது, பொரிந்து வரும் புழுவுக்கென்று மூன்று வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். ரூமெல்லாம் ஆள் இருக்கு, இப்போதைக்கு இது போதும் என்று மேனேஜர் சொன்னார், எனக்கும் கை நிறைய வேலை இருந்தது, சரி என்றேன். கிளம்பும்போது, அதிகம் தேயாத ஒரு சிவப்புக் கம்பளத்தைக் காட்டி எங்களுக்கு இது வேண்டாம், நீங்களே எடுத்துட்டுப் போங்க என்றார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்திருக்க வேண்டும், பல் பார்ப்பதுதானே என் தொழில். நீ திரும்பி வரும்போது உன் அறையில் காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அதைச் சுருட்டி உன் அலமாரிக்கு அடியில் வைத்தேன். பெட்டிகள் மேலே, கம்பளம் கீழே.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அறையைக் கூட்டும்போது ஜன்னல் ஓரத்தில் மயிர் முளைத்த சின்னப் புழு ஒன்று ஊர்ந்தது, அரிசியில் பாதி இருக்கும். அது என்ன என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, கம்பளம் அரிக்கும் வண்டின் புழு, காய்ந்த பூச்சியையும் தின்னும். பெட்டிகளைத் திறந்தேன். முதல் இரண்டிலும் பாதிக்குப் பாதி போய்விட்டது. மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை, ஊசிகள் நிற்கின்றன, ஒவ்வொரு ஊசிக்கும் கீழே தவிட்டு நிறத்தில் தூள். அந்தப் பச்சை வண்டுகள் ஏழும் அதில்தான் இருந்தன. சிறகை மூடும் ஓடுகள் மட்டும் உதிர்ந்து கிடந்தன, பச்சை அப்படியே மினுங்குகிறது. அவற்றைப் பொறுக்கி ஒரு மாத்திரை டப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், வேலியாக இருந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருக்கிறது, இதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை நீ பாறை மேல் ஏறி நின்று போன் பேசியபோதே சொல்லியிருக்க வேண்டும். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அந்தப் பச்சை வண்டுக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை, புதுசாகவே இருக்கும் போலிருக்கிறது, ஆய்வில் பாதி அதைப் பற்றித்தான், ஊருக்கு வந்ததும் பெட்டியோடு வா என்று பேராசிரியர் சொன்னதாகச் சொன்னாய். போன வருஷத்து ஏழு போதும்ப்பா, அது கிடைச்ச ஓடைப் பக்கம் இந்தத் தடவை போகவே போறதில்லை, மலைக்கு அந்தப் பக்கம்தான் வேலை என்றாய். நல்லது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதற்குள் லைனும் போய்விட்டது. வந்த பிறகு சொல்லிக்கலாம், காட்டிலே அழுதா யார் தேற்றுவா என்று உன் அம்மா சொல்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வந்த பிறகு சொன்னால் உனக்கு அழ மட்டும்தான் முடியும், இப்போது சொன்னால் ஓடைக்குப் போக முடியும். உங்கள் முகாமுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு வருகிற வியாழக்கிழமை ஜீப் போகிறது, அதில் கடிதம் கொடுத்து அனுப்பலாம் என்று கல்லூரி ஆபீஸ் கிளார்க் சொன்னார். இது உன் கைக்கு வரும்போது உனக்கு இன்னும் பதினோரு நாள் பாக்கி இருக்கும். கோபப்பட வேண்டுமென்றால் ஒரு நாள் எடுத்துக்கொள், பத்து நாளை வேலைக்கு வை.

பிடித்த இடமும் நேரமும் எழுதி நீ ஊசியில் குத்தியிருந்த சீட்டுகளைப் புழு தொடவில்லை. காகிதம் அதற்கு ருசிக்காது. ஏழு சீட்டையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், உன் எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஐந்து சீட்டில் ஓடையின் மூன்றாம் வளைவு, விழுந்து கிடக்கும் பெரிய மரம், அடிப்பக்கம், வெள்ளைக் காளான் என்று இருக்கிறது. இரண்டில் அதே வளைவு, எதிர்க்கரை, பட்டை உரிந்த மரம், அங்கேயும் காளான். நேரம் எல்லாவற்றிலும் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில். தேதிகள் மட்டும் வேறு வேறாக இருந்தன, அதனால் உன் போன வருஷத்து நோட்டை எடுத்து ஒத்துப் பார்த்தேன், ஏழுக்கும் முந்தின நாள் மழை என்று நீயே எழுதியிருக்கிறாய். முந்தின நாள் மழை பெய்யாதபோது அதே மரங்களுக்கு ஒன்பது தடவை போயிருக்கிறாய், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை, நோட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை. எங்கள் தொழிலில் முதல் கேள்வியே எப்போது வெளியே வரும் என்பதுதான். நீ வைத்துக்கொள்ளத் தேடுகிறாய், நான் கொல்லத் தேடுகிறேன், தேடுவது என்னவோ ஒன்றுதான்.

ஹோட்டலுக்கும் போய் உண்மையைச் சொன்னேன், இரண்டாம் தடவை அடித்துக் கொடுக்கிறேன் என்றேன். மேனேஜர் கேட்டுவிட்டு, பொண்ணு பிடிக்குது, அப்பா கொல்றாரு, வண்டு சாப்பிடுது, எல்லாருக்கும் வேலை இருக்கு என்றார். சிரிக்கத்தான் தோன்றியது, சிரித்தேன். கம்பளத்தை வெளியே எடுத்துப்போய் எரித்துவிட்டேன். மிச்ச வண்டுகளோடு முதல் இரண்டு பெட்டிகளும் ஐஸ் பெட்டியில் இருக்கின்றன, இடம் பண்ண உன் அம்மா உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டாள். மூன்றாவது பெட்டியைச் சுத்தமாகத் துடைத்தேன். ஜன்னலில் அந்தப் புழுக்களில் வளர்ந்து வண்டாகிவிட்ட ஒன்று கிடைத்தது, கடுகளவுதான் இருக்கும், உன் ஊசியில் குத்தினால் உடைந்துவிடும் என்று, நீ சொல்லிக் கொடுத்தபடி காகித முனையில் ஒட்டி, கீழே சீட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இடம், உன் அறை, ஜன்னல் ஓரம். நேரம், ஞாயிறு மத்தியானம். உணவு, ஒரு வருஷத்து உழைப்பு. பிடித்தவர் அப்பா, கொண்டு வந்தவரும் அவரே. பெட்டியில் மற்ற இடமெல்லாம் காலியாக இருக்கிறது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. பூட்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காலை விடு. ஈரத் துணியோடு உட்காராதே, இது உன் அம்மா சொல்லச் சொன்னது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், போன காரியம் கைகூடி, பத்திரமாக வீடு வந்து சேர எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஏழு சீட்டையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. இங்கே இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது. அங்கே பெய்தால் மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் மூன்றாம் வளைவில் இரு.

இப்படிக்கு,
உன் அப்பா