வீடியோவில் தெரியாத மல்லாட்டை

அடி அண்ணாமலை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள என் கணவருக்கு,

கீதாஞ்சலி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பூஜாவும் சுகம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, போனில் சிரிக்க மாட்டேன் என்கிறாள். மஸ்கட்டில் வெயில் ஜாஸ்தியாமே, வேளைக்குச் சாப்பிடுங்கள்.

போனில் பேச உட்கார்ந்தால் "மல்லாட்டையைக் காட்டு"னு நிற்பீர்கள். போன பட்டத்தில் அப்படித்தான் காட்டினேன். வீடியோவில் இலை கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தாலும் யூரியா போடச் சொன்னீர்கள், போட்டேன். செடி முழங்கால் உயரம் வந்தது. உங்கள் அறை நண்பர்கள் எல்லாம் பார்த்துப் பாராட்டினார்கள். பிடுங்கினால் வெறும் தழை, வேரில் கடலையே இல்லை. நம் மாடு மட்டும்தான் சந்தோஷப்பட்டது. இன்னொரு பட்டம் இப்படிப் போனால் நிலத்தைக் கிரிவல வண்டிகள் நிறுத்த விட்டுவிடலாம் என்றீர்கள்.

இந்த முறை மண்ணைப் பரிசோதித்துவிட்டுத்தான் விதைத்தேன். கடைசி உழவில் மக்கிய எரு போட்டேன். விதையை ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்த அரிசிக் கஞ்சியில் புரட்டி நிழலில் உலர்த்தினேன். பக்கத்து நிலத்துச் சடையன், "இன்னாம்மா, மல்லாட்டைக்குக் கஞ்சி ஊத்துறியா"னு சிரித்தார். கடை உரத்தையும் ஒதுக்கவில்லை. ஆனால் பரிசோதனையில் சொன்னதற்கு மேல் ஒரு பிடி போடவில்லை. பூ வந்ததும், காய் திரள ஜிப்சம் தூவி மண் அணைத்தேன். பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும். இனி அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது.

இந்த நேரம் பார்த்து உங்கள் அண்ணன் வந்தார். "செடி குட்டையாத்தான் நிக்குது, இதுல இன்னா வந்துடப்போவுது கீதா? பௌர்ணமிக்கு நிலத்துல ரோட்டோரமா கார் விடச் சொல்லிட்டேன். தம்பிகிட்டயும் கேட்டுட்டேன்"னார். செடி படுத்தாலும் எழுந்துவிடும் மாமா, விழுது முறிந்தால் ஒட்டாது என்றேன்.

நீங்கள் சரி என்றீர்களா? எனக்குக் கோபம்தான் வந்தது. வழியில் வேலிமுள்ளை வெட்டிப் போட்டுவிட்டேன். பௌர்ணமியன்று நானே அங்கே நிற்பேன். அதற்கு முன் அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது.

வீடியோவில் இனி நிலத்தைக் காட்ட மாட்டேன். மண்ணுக்குள் இருப்பது போனில் தெரியாது. பிடுங்குகிற நாளுக்கு லீவு கேளுங்கள். முதல் செடியை உங்கள் கையால் பிடுங்கிப் பாருங்கள். காய் இல்லையென்றால் அந்த முள்ளை நானே எடுத்துப் போடுகிறேன்.

பூஜாவுக்கு அதற்குள் பல் முளைத்துவிடும். அதையும் நேரில்தான் காட்டுவாளாம்.

அண்ணாமலையார் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
கீதாஞ்சலி