பையில் எழுதிய பெயர்

துப்ராவா, சஸ்காட்செவன்
அக்டோபர் கடைசி ஞாயிறு

என் செல்ல மகள் ஒரிஸ்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், வான்கூவரில் நீயும் நோய் நொடி அண்டாமல் இருக்க நம் பரிசுத்த மிகேல் காவல் நிற்கட்டும். அறுவடை முடிந்துவிட்டது, கோதுமை பரவாயில்லை, முட்டைக்கோஸைத்தான் உறைபனி கொஞ்சம் தின்றுவிட்டது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, பைப்பை விட்டால் முழுக்கப் போய்விடும், அதை யார் அவரிடம் சொல்வது. உனக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை என்று எழுதியிருந்தாய். அங்கே எப்போதும் மழையாமே, ஈரத் தலையோடு படுக்காதே, வெறும் காப்பியைக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போகாதே.

நம் கோவில் குவிமாடத்து வேலை முக்கால்வாசி முடிந்தாயிற்று. பழைய தகரம் துருப்பிடித்துப் பீடத்துக்கு மேலேயே ஒழுகியதும், எங்கள் பெண்கள் சங்கம் பெரோகி செய்து விற்றுப் பணம் சேர்ப்பதும் உனக்குத் தெரியும். வியாழக்கிழமை தோறும் கோவிலுக்கு அடியில் இருக்கும் கூடத்தில் உட்கார்ந்து மாவை வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி என் கட்டைவிரலே சப்பையாகிவிட்டது. உன் சித்தி ஹானியாவும் வருகிறாள். அவள் கிள்ளும் கிள்ளு எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பாதி வாயைப் பிளந்துவிடும். ஆனால் போன கூட்டத்தில் ஃபாதர் மெத்தோடி எழுந்து என்ன சொன்னார் தெரியுமா, இந்தக் குவிமாடம் ஹானியா வீட்டார் தோளில்தான் நிற்கிறது என்றார். அவள் பையன்கள் மூன்று பேரும் கூலி வாங்காமல் சாரத்தில் ஏறித் தகரம் அடிக்கிறார்களாம். அடிக்கட்டும், நல்ல பிள்ளைகள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இவள் என்னவோ தானே சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினவள் மாதிரி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது ஒரிஸ்யா. உன்னிடம் மறைப்பானேன், பற்றிக்கொண்டு எரிந்தது. நான் கிள்ளினது ஒன்றுகூட இதுவரை பிளந்ததில்லை, என்னைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

அதனால் நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். இதுவரை எல்லார் கைப் பெரோகியையும் ஒன்றாகக் கலந்துதான் பையில் போடுவோம். இனிமேல் அவரவர் செய்ததைத் தனித்தனிப் பையில் போட்டு மேலே பெயர் எழுதுவோம், யார் பை முதலில் தீர்கிறது என்று ஊர் பார்க்கட்டும் என்றேன். அப்புறம் பார்க்கவேண்டுமே, ஆளாளுக்கு வீறு வந்துவிட்டது! வராதவர்களெல்லாம் வந்தார்கள், ஒருத்தி ஓரத்தைப் பின்னல் மாதிரி மடித்தாள், இன்னொருத்தி வெங்காயத்தை எதில் வதக்கினாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம்கூடச் சொல்லவில்லை. எப்போதும் செய்வதைப்போல இரண்டு பங்கு செய்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஹானியா பை கடைசிவரை மேசையில் கிடந்து காயப்போகிறது என்று கற்பனை பண்ணிப் பண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் ஆயிற்று. நேற்று விற்பனை. கதவு திறந்ததும் கூட்டம் வரிசையாக வந்தது, வந்தவர்கள் எல்லாரும் நேராக அவரவர் அம்மா பெயரைத் தேடிப் போனார்கள். இது எனக்கு ஏனடி முன்னாலேயே தோன்றவில்லை? பெற்றவள் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் அடுத்தவள் பையைத் தொடுவான்? ஹானியாவின் பைகள்தான் முதலில் தீர்ந்தன. மூன்று பையன்கள், மூன்று மருமகள்கள், மருமகள்களைப் பெற்றவர்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு படையே வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. தபால் ஆபீஸ் பையன் என் பையைக் கையில் எடுத்தான், எடுத்துவிட்டு, உங்களோடதுதான் ருசி, எனக்குத் தெரியாதா, ஆனா அங்க எங்கம்மா என்னையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கா என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டான். உன் அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினேன். மகானுபாவர் பக்கத்தில் வந்து, நம்ம வீட்லயே இருக்கு, இதுக்குப் போயி யாராவது காசு குடுப்பாங்களா என்று சத்தமாகக் கேட்டார். கடைசியில் பெரிய மேசை முழுக்கக் காலி, ஒரு மூலையில் பராஸ்கா, பராஸ்கா, பராஸ்கா என்று என் பெயர் மட்டும் குவிந்து கிடந்தது.

அப்போது வந்தாள் உன் சித்தி. ஐயோ அக்கா, உங்களோடது மிஞ்சிப் போச்சா, பாவம், ஒரிஸ்யா மட்டும் பக்கத்துல இருந்திருந்தா இப்படி ஆகுமா, டேய் வால்டர், பெரியம்மா பையையும் எடுத்து வண்டியில போடுடா என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள், அது எனக்குத் தெரியும், அதுதான் இன்னும் பொறுக்கவில்லை. பாவமாம்! என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. மிஞ்சலடி, எடுத்து வச்சிருக்கு, இது அத்தனையும் ஒரிஸ்யா வாங்கிட்டா, காலையிலதான் ஃபோன் பண்ணினா என்றேன். ஃபாதர் மெத்தோடி காதில் விழுந்துவிட்டது. அவர் சும்மா இருப்பாரா, மைக்கைப் பிடித்து, வான்கூவரில் இருக்கும் நம் மகள் ஒரிஸ்யா ஒரு மேசையையே வாங்கிவிட்டாள், குவிமாடத்துக்குக் கடைசித் தகரமும் வந்துவிட்டது என்று அறிவித்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதோடு விட்டாரா? மிகேல் திருநாளில் குவிமாடத்தை ஆசீர்வதிக்க பிஷப் வரும்போது, வாசலில் நின்று ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்கப் போவது ஒரிஸ்யாதான் என்றும் சொல்லிவிட்டார். அதற்கு ஹானியா தன் மூத்த மருமகளை நினைத்து வைத்திருந்தாள், பூவேலைச் சட்டைகூடத் தைத்தாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் நீ! பாவம் செய்தேன், பொய் சொன்னேன், எல்லாம் சரி. இருந்தாலும் அந்த ஒரு நிமிஷம் எனக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது.

முட்டை விற்ற காசில் நானே பணம் கட்டிவிட்டேன், அதற்காக நீ ஒன்றும் அனுப்பவேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அப்பா பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, சரி, பொண்ணு வருவாளா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். போன திருநாளுக்கும் நீ வரவில்லை, அதற்கு முந்தினதுக்கும் லீவு கிடைக்கவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை கண்ணே, உன் வேலை அப்படி. ஞாயிற்றுக்கிழமையானால் நம் சமையலறை ஜன்னலில் ஹானியா வீட்டு முற்றம் தெரிகிறது, வண்டிமேல் வண்டியாக வந்து நிற்கிறது, பிள்ளைகள் நாயைத் துரத்துகிறார்கள், மருமகள்கள் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அவள் வந்து, பாத்திரம் கழுவியே இடுப்பு ஒடிஞ்சுபோச்சு அக்கா என்று அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்பின்மேல்கூட எனக்குப் பொறாமை. நம் வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு கரண்டி, கழுவ எவ்வளவு நேரம் ஆகும்?

திருநாளுக்கு வரமுடியும் என்றால் டிக்கெட் எடு, சஸ்கடூனுக்கு அப்பா வண்டியோடு வந்து நிற்பார். முடியாது என்றால் அதையும் மறைக்காமல் எழுது. நானே ஃபாதரிடம் போய் ஹானியாவின் மருமகளே ரொட்டியை ஏந்தட்டும் என்று சொல்லிவிடுகிறேன். வயிறு எரியும்தான், எரியட்டும், எனக்கு என்ன புதிதா.

ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, சித்தி எழுதிக் கேட்டால் நீ நேற்றுக் காலையில் என்னோடு பேசியது உண்மை என்றே சொல். கூடத்தில் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று ஒரிஸ்யா என்ன பேசினாள் என்று கேட்டார்கள். அம்மா முழங்கால் எப்படி இருக்கு என்று கேட்டாள், அப்பாவோடு வெகுநேரம் பேசினாள், வைக்கவே மனசில்லாமல் ஃபோனை வைத்தாள் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், அவர்களும் கலைந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். நான்தான் நிறுத்தாமல் இன்னும் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பராஸ்கா