படிகளில் ஒட்டிய பாட்டு

மார்ச் 4

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி. மூன்றாம் மாடித் தையல்காரியின் மகள், ஏழு வயது, நான்கு மாதமாக என்னிடம் எழுத்துப் படிக்க வருகிறவள். எழுத்து அட்டையை எடுக்கத் திரும்பினேன்.

"டீச்சர், பஸ் தாத்தா இருக்காரா?" என்றாள்.

பஸ் தாத்தா என்றால் என் வீட்டுக்காரர். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் முப்பத்தோரு வருடம் ஒன்றாம் வகுப்புக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள். கதவைத் திறந்தது நான். கேட்டது அவரை.

இருக்கிறார் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். இன்னொரு முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறந்துபோயிற்று.

மார்ச் 6

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். ஏப்ரல் பத்தாம் தேதி அவள் தலைமையாசிரியை முன்னால் ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்காவிட்டால் மறுபடியும் ஒன்றாம் வகுப்புதான். அதனால்தான் அவள் அம்மா என்னிடம் அழைத்து வந்தாள். எழுத்துகளைத் தனித்தனியே சொல்வாள். 'ப' தெரியும், 'டி' தெரியும். இரண்டையும் சேர்த்து வாசி என்றால் தாளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். செங்கல் எல்லாம் வந்து இறங்கியிருக்கிறது, சுவர்தான் எழும்பவில்லை என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

இவர் என்ன செய்தார்? பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில் ஒரு பாட்டு எழுதினார். சொந்தப் பாட்டு! எங்கள் வாசலுக்கு ஏறும் எட்டுப் படிகளின் முகப்பில், படிக்கு ஒரு வரியாக ஒட்டினார்.

மாடிப் படியே மாடிப் படியே
மூச்சு வாங்குது எனக்கு
மேலே நிற்கும் பூனை கேட்குது
என்ன அவசரம் உனக்கு
பையில் இருந்த பந்து ஒன்று
பறந்து போனது பாரு
பந்தைத் தேடித் தாத்தா போனார்
தாத்தாவைத் தேடுவது யாரு

இரண்டு பேரும் கீழ்ப்படியில் தொடங்குவார்கள். வரியைத் தொட்டுச் சொல்லிவிட்டு அடுத்த படி. உச்சிக்கு வந்ததும் அவள் கதவைத் தட்டி "போலாம் ரைட்" என்பாள். அதனால் அவளுக்கு இவர் வைத்த பெயர் கண்டக்டர்.

குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். 'கேட்குது' என்பது பேச்சு வழக்கு, பிள்ளைக்கு அப்படியே பழகிவிடும் என்றேன். "பூனை பேச்சு வழக்குலதான் பேசும்" என்றார்.

மார்ச் 9

குடியிருப்புக் காவல்காரர் இன்று வாசலில் நிறுத்திச் சொன்னார்: "ஐயா இத்தனை வருஷம் பஸ் ஓட்டி வீணாப் போயிட்டாரும்மா. வாத்தியார் வேலைக்கு வந்திருக்கணும்." பல் தெரியச் சிரித்தேன்.

சாயங்காலம் தையல்காரி இரண்டு தலையணை உறை கொடுத்தனுப்பியிருக்கிறாள். "ஐயாவுக்கு." நான்கு மாதத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு நூல்கூட வந்ததில்லை. நான் கேட்கவும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் நூல் வரவில்லை என்பது நினைவில் இருக்கிறதே, ஏன்?

என் வகுப்பிலும் பாட்டு உண்டு. வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட். பாடத்தை ஒழுங்காக முடித்தவர்களுக்கு நான் கொடுக்கிற மிட்டாய் அது. இந்த மனுஷன் மிட்டாயை முதலில் கொடுத்துவிட்டார். நாற்பது வருடக் குடித்தனத்தில் ஒரு நாளாவது "பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக்குடுக்கறே" என்று என்னைக் கேட்டிருப்பாரா?

மார்ச் 13

எட்டு வரியையும் சொன்னாள். எட்டையும் அடுப்படியில் நின்று கேட்டேன். ரசம் பொங்கி வழிந்துவிட்டது.

மார்ச் 15

இன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

ஐந்தாம் படியின் தாள் கழன்று எங்கோ போய்விட்டது. காலையில் பெருக்கியவர் எடுத்திருப்பார். கண்டக்டர் ஏறி வந்தாள். நாலாவது வரி. ஐந்தாம் படி. வெறும் சிமெண்டில் விரலை வைத்து, "பையில் இருந்த பந்து ஒன்று" என்று கணீரென்று வாசித்தாள். இவர் மேலே நின்று தலையை ஆட்டினார். கவனிக்கவே இல்லை.

அவள் தாளைப் பார்த்து வாசிக்கவில்லை. எந்தப் படிக்கு எந்த வரி என்று காலுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு இது புதிதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் பாடப் புத்தகம் முழுவதையும் ஒரு பிழையில்லாமல் வாசித்துக் காட்டினான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் புத்தகம் தலைகீழாக இருந்தது. இது தவறில்லை, ஒரு கட்டம். வாய்க்கு வந்துவிட்டது, இனி கண்ணுக்கு வர வேண்டும். கூட இருக்கிறவருக்கு அது தெரிந்தால் போதும், பதினைந்து நாளில் திருப்பிவிடலாம்.

இவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தாளை மட்டும் அவர் புதிதாக எழுதி ஒட்டினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன மாதிரிச் சந்தோஷம் என்று எழுதக் கை வரவில்லை.

மார்ச் 19

தையல்காரி தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவள் நாத்தனார் வருகிறாளாம். பிள்ளை மக்கு என்று குடும்பம் முழுக்கச் சொன்னவளாம். "அவ கண்ணு முன்னாடி எம்பொண்ணு படிக்கணும் டீச்சரம்மா. ஐயாவோட புண்ணியம்."

ஐயாவோட புண்ணியம்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் பால் வாங்கப் போகும்போது மூன்றாம் படித் தாளை எடுத்து ஏழில் ஒட்டினேன். ஏழை மூன்றில். இரண்டு நிமிட வேலை.

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். தையல்காரி, நாத்தனார், காவல்காரர்கூட. கண்டக்டர் இரட்டைச் சடை போட்டிருந்தாள். முதல் படி, இரண்டாம் படி. மூன்றாம் படியில் விரலை வைத்தாள். "மேலே நிற்கும் பூனை கேட்குது."

நாத்தனார் குனிந்து பார்த்தாள். "அங்க பூனையே இல்லையே?"

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அந்தத் தாள்ல இருக்கறதைப் படி கண்ணு" என்றேன். என் குரல் அவ்வளவு இனிமையாக இருந்தது. அவள் தாளைப் பார்த்தாள். கீழே இரண்டு படியைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள், ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் பூனை என்றாள். சத்தம் குறைந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள், முன்பு அட்டையை விட்டுப் பார்ப்பாளே, அதே மாதிரி.

"அதான பாத்தேன்" என்றாள் நாத்தனார். தையல்காரி பிள்ளையின் கையைப் பிடித்து விறுவிறுவென்று மேலே இழுத்துக்கொண்டு போனாள்.

எல்லோரும் போன பிறகு இவர் படியில் உட்கார்ந்து மூன்றாம் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வீட்டில் இருக்கும் ஒட்டு நாடா அகலமானது. அவர் எப்போதும் அதை நீளவாக்கில் கிழித்து ஒட்டுவார். நான் முழுசாக ஒட்டியிருந்தேன்.

"அவளுக்குப் படிக்கத் தெரியலைன்னு நீ கண்டுபிடிச்சது சரிதான்" என்றார். "அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

மார்ச் 23

கண்டக்டர் வரவில்லை.

மார்ச் 25

வரவில்லை. படியில் இருந்த தாள்களை இவர் உரித்து எடுத்துவிட்டார். சாப்பிடும்போது உப்பு கேட்டார், அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 26

மேலே போனேன். தையல்காரி இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினாள். "இனிமே பாட்டெல்லாம் வேணாம் டீச்சரம்மா. ஐயா நல்லவருதான், நாளை வீணாக்கிட்டாரு. நீங்களே பழையபடி எழுத்து சொல்லிக்குடுங்க."

இருபது நாளாக இதைக் கேட்கத்தானே காத்திருந்தேன்? கிடைத்துவிட்டது. இயந்திரத்துக்குப் பின்னால் துணிக் குவியலில் பிள்ளை சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அவர் வீணாக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ச்சே, என்ன பொம்பளை நான். பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கு.

மார்ச் 28

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"தாளை மாத்தி ஒட்டினது நான்தான்மா. அவருக்குத் தெரியாது. அவ மனப்பாடமாச் சொல்றான்னு எனக்கு ஒரு வாரம் முன்னாடியே தெரியும். எல்லார் முன்னாடியும் தெரியட்டும்னுதான் செஞ்சேன்."

இயந்திரம் நின்றது. "ஏன்?"

"பொறாமை."

தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டாள். பிறகு சொன்னாள்: "நாத்தனார் முன்னாடி நான் தலை குனிஞ்சது பரவால்ல. இவ அன்னியிலேருந்து படி இறங்கவே மாட்டேங்கறா. இடுப்புல தூக்கிட்டுப் போறேன், ஏழு வயசுப் பிள்ளையை. பெரியவங்க நீங்க. உங்க பொறாமைக்கு எம்பிள்ளைதான் கெடச்சாளா?"

நின்றுகொண்டிருந்தேன். அப்போது துணிக் குவியலிலிருந்து குரல் வந்தது.

"எந்தத் தாளை எங்க ஒட்டினீங்க?"

"மூணாவதை ஏழுல. ஏழாவதை மூணுல."

அவள் உதடு அசைந்தது. உள்ளுக்குள் ஏறிப் பார்க்கிறாள். "பூனை கேட்குது, தாத்தாவைத் தேடுவது யாரு" என்று மெல்லச் சொன்னாள். சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அதை மென்று விழுங்கினாள்.

போக வேண்டுமென்றால் போகட்டும், ஐயா வீட்டில் இருக்கும்போது மட்டும் என்றாள் அவள் அம்மா. நியாயம்.

மார்ச் 30

கண்டக்டர் வந்தாள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு.

இவர் எட்டுத் தாளையும் கூடத்துத் தரையில் பரப்பினார். படி கிடையாது, காலுக்கு வேலை இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். "வண்டியைக் கிளப்பிட்டேன். கியர் மாத்தத் தெரியல. நீ வா."

வரிகளை வார்த்தை வார்த்தையாக வெட்டினேன். ஒரு வார்த்தைக்கு ஒரு தொடல், அதுதான் விதி. வாயில் பாட்டு முழுசாக இருப்பதால் விரல் எங்கே தப்புகிறது என்று அவளுக்கே தெரிகிறது. வாய் முடிந்த பிறகும் தாள் மீதி இருந்தால், "அய்யோ, ஒண்ணை விட்டுட்டேன்" என்று தானே திரும்பிப் போகிறாள். நான்கு மாதமாக என் அட்டையில் அவளுக்குத் திரும்பிப் போக இடமே இருந்ததில்லை. தப்பை நான் சொன்னால்தான் தப்பு.

எனக்கு இது தெரியாதா? தெரியும். மிட்டாய் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன்.

ஏப்ரல் 3

இன்று இவர் கண்ணை மூடிக்கொள்ள, அவள் தாள்களை மாற்றி வைத்தாள். யார் யாரை ஏமாற்றுவது என்று போட்டி. 'பூனை' இருந்த இடத்தில் 'தாத்தா'வை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் வாசித்தார்: "மேலே நிற்கும் தாத்தா கேட்குது." தரையில் உருண்டு சிரித்தாள்.

எந்தத் தாளில் தாத்தா இருக்கிறார் என்று வாசிக்காமல் அந்தக் குறும்பைச் செய்ய முடியாது. யாரும் அவளை வாசி என்று சொல்லவில்லை.

அவள் சிரித்தது அவரைப் பார்த்து. என்னைப் பார்த்து இல்லை. அதுவும் கண்ணில் பட்டது.

ஏப்ரல் 10

அந்தப் பக்கத்தின் பத்து வரியில் நாலு வரி வாசித்தாளாம். ஐந்தாவதில் நின்றவள் பிறகு வாய் திறக்கவில்லை. முன்னால் தலைமையாசிரியையோடு மூன்று ஆசிரியைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள் என்றாள் தையல்காரி. சொல்லும்போது என்னை நேராகப் பார்த்தாள்.

பள்ளி திறப்பதற்கு முன் இன்னொரு தடவை கேட்பார்களாம். அதிலும் நின்றால் ஒன்றாம் வகுப்புதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லாதிருந்தால் பத்தும் வாசித்திருப்பாளோ? இல்லை, நாலுகூட வந்திருக்காதோ? தெரியாது. தெரியாமலே வைத்துக்கொள்ள வேண்டியதுதான், எனக்குக் கிடைத்த தண்டனை அது.

ஏப்ரல் 27

இதுவரை ஆறு பாட்டு. வாளி, குடை, தூக்கம் வராத காவல்காரர், பல் விழுந்த கண்டக்டர் என்று எதைப் பற்றியும். கேட்க ஆள் இருந்தால்தான் இவருக்குப் பாட்டு வருகிறது. ஆட்கள் முன்னால் வாசித்துப் பழகட்டும் என்று காவல்காரரைக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்பது நிபந்தனை. அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

மே 16

இன்று பாட்டே இல்லாத ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். மருந்துக் கடைப் பையில் அச்சடித்திருந்தது. திக்கித் திக்கி வாசித்தாள். "இதுல பாட்டு இல்ல, ஆனா வார்த்தை இருக்கு" என்றாள் இவரிடம்.

மே 30

வாசித்துவிட்டாள். பத்து வரி. ஏழாவதில் நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்தாளாம். இரண்டாம் வகுப்பு.

தையல்காரி இவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொண்டுவந்தாள். என்னிடம், "வரேன் டீச்சரம்மா" என்றாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக 'டீச்சரம்மா'.

சட்டை அவருக்குக் கச்சிதமாக இருக்கிறது. கழுத்துதான் கொஞ்சம் பிடிக்கிறது என்று சொன்னேன். உண்மையில் எங்கும் பிடிக்கவில்லை.

ஜூன் 9

கீழ் வீட்டில் புதிதாக ஒரு பிள்ளை. எழுத்து வரவில்லை என்று அவன் அப்பா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் இவர் புதுப் பாட்டை எழுதிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "எங்கெல்லாம் தடுக்கும், பாத்துச் சொல்லு." நாற்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தேன், வேண்டுமென்றே. இரண்டு இடத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன்.

"எடுத்துடட்டுமா?" என்றார்.

"வேணாம். தடுக்கட்டும். ஒரு மாசம் வாயால சொல்லட்டும், அப்புறம் அங்க வந்து நிக்கும்போதுதான் தாளைப் பார்ப்பான்."

சரி என்று சுத்தமாக ஒரு பிரதி எழுதினார். பாட்டுக்கு அடியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். தன் பெயரை மட்டும்.

பார்த்தேன். இங்கே எழுதி வைத்துவிட்டேன், போதும்.