போதகரம்மாவின் அபிப்பிராயம்

மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது. எப்போது ஃபோன் செய்தாலும் சபைப் பொருளாளர் எடுத்து, "போதகரம்மா ஜெபக் கூட்டத்துல இருக்காங்க" என்கிறார். விடிந்தால் அடைந்தால் கூட்டமா? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நாவல் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. வாசகர்கள் எழுதுவதையெல்லாம் பதிப்பாளர் ஒரு பெரிய உறையில் போட்டு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஒரு பெண், கதாநாயகி பெட்டியோடு படியிறங்கும் இடத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்துக் கைதட்டினாளாம். என்ன உடைந்தது என்று வீட்டுக்காரர் ஓடி வந்தாராம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், போதகருக்குச் சபையே வீடு கொடுத்துவிடும், நூற்றுப் பத்தாம் பக்கத்தில் அவர் வாடகை கட்டுவது தவறு என்று சுட்டிக்காட்டியிருக்கிறார். இன்னொருவர், "ஊருக்கெல்லாம் அன்பைப் போதிக்கும் மனிதர் வீட்டுக்குள் புலியாக இருப்பதை இப்படி யாரும் எழுதியதில்லை" என்கிறார். ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லிவிட்டார்கள். யாருக்காக எழுதினேனோ அவள் மட்டும் வாயே திறக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி அத்தியாயம் உனக்கு நான் வைத்த அழைப்பு. இங்கே பின்னறையைக் காலி செய்து கட்டிலும் போட்டாயிற்று. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர்தான் தெரியும், ஆனாலும் காலையில் நல்ல வெளிச்சம் வரும். கிளம்பி வந்துவிடு.

நான் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரி முன்மேசையில் நாள் முழுக்க "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. உள்ளே போய்விட்டு வருகிறவர்கள் மரத்துப்போன வாயோடு ஏதோ சொல்வார்கள். அதுவும் புரியாது. வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை.

உன்
வாலு


மார்ச் 19

என் வாலுக்கு,

உன் நாவல் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் படிப்பதற்கு முன் சபையே படித்து முடித்துவிட்டது. மேசைமேல் வைத்திருந்ததைப் பாடகர் குழுத் தலைவி "ரெண்டே நாள்ல தர்றேன்" என்று தூக்கிக்கொண்டு போனாள். கை மாறி, வீடு மாறி, அட்டையில் டீக்கறையோடு போன வாரம்தான் திரும்பி வந்தது.

நீ அபிப்பிராயம் கேட்டாயே, இந்தா. பாடகர் குழுத் தலைவி மூன்று இடத்தில் அழுதாளாம். பொருளாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கதையில வர்ற பொருளாளர் காணிக்கையில கை வைக்கிறானே, அது என்னைச் சொன்னதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப யாரைச் சொன்னது?" என்று அதற்கும் கேட்டார். உன் ஃபோனை இனிமேல் அவர் எனக்குத் தரப்போவதில்லை.

தையல்கடை அம்மா ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது டேப்பைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். பின்னட்டையில் உன் படம் இருக்கிறதல்லவா? என் மூக்கும் உன் மூக்கும் ஒரே அச்சு, யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதுவரை மூன்று பேர் என்னிடம் பெட்டி வேண்டுமா என்று ரகசியமாகக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி சக்கரம் வைத்த பெட்டியையே கொண்டுவந்து, "திருப்பித் தர வேண்டாம்மா" என்று வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பழைய போர்வைகளைப் போட்டு வைக்க வசதியாக இருக்கிறது.

உன் அத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார். பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கும் பேனாவைக் கையில் பிடித்தபடி படிக்கிறார், ஆனால் ஒரு கோடும் போடவில்லை. அவர் முடிக்கட்டும். என்னுடையதைப் பிறகு சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? டீயும் பிஸ்கட்டும் சாப்பாடு இல்லை.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்பு அக்கா,

பெட்டிக் கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. எதையும் சிரிப்பாக்கி ஒதுக்கிவிடுவது உனக்குக் கைவந்த கலை. நான் கேட்டதற்கு ஒரு வரி பதில் இல்லை.

வாசகர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்கள், தெரியுமா? அந்த ஐந்தாம் அத்தியாயம். அவள் புருஷனின் அறைக்கதவுக்கு வெளியே நின்று, "ஐயா, சாப்பிட வாங்க ஐயா" என்கிற இடம். "கட்டிய மனைவியே தன்னை ஐயா என்று கூப்பிடும்படி வைத்தவனா அன்பைப் பற்றிப் பேசுகிறான்" என்று ஒரு கல்லூரி மாணவி பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அது நான் கற்பனை செய்ததில்லை. போன வருஷம் உன் வீட்டில் தங்கியிருந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு என் காதால் கேட்டது.

பின்வாசல் படியில் உட்கார்ந்து நீ அழுததையும் பார்த்தேன். என்ன என்று கேட்டதற்கு வெங்காயம் என்றாய். உன் கையில் வெங்காயம் இல்லை அக்கா.

அத்தான் முடித்துவிட்டாரா? உன்னை ஏதும் சொன்னாரா? சொன்னால் ஒரு நிமிஷம்கூட அங்கே இருக்காதே. பின்னறைக்குத் திரைச்சீலை தைத்துவிட்டேன். தையல் கோணல்தான், வந்து திட்டு.

உன்
வாலு


ஏப்ரல் 21

என் வாலுக்கு,

உன் அத்தான் படித்து முடித்துவிட்டார்.

ஆராதனை முடிந்து வந்தவர், உடுப்புகூட மாற்றாமல் சமையலறையில் வந்து நின்றார். "நான் உன்னை இவ்வளவு பயமுறுத்தியா வெச்சிருந்தேன்? எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே என்னை ஐயான்னு கூப்பிடாதே" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை.

இனி அந்த 'ஐயா'வைச் சொல்கிறேன், கேள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் வாசலில் எந்நேரமும் யாராவது நின்று "ஐயா இருக்காரா?" என்பார்கள். அதில் ஒருவர் இழுத்து இழுத்து "ஐயாஆ" என்பார். ஒருநாள் நான் அவரைப் போலவே கதவுக்கு வெளியே நின்று இழுத்தேன். உள்ளேயிருந்து இவர் கனத்த குரலில், "என்னம்மா, என்ன ஜெபக் குறிப்பு?" என்றார். "வீட்டுல உப்பு தீர்ந்துடுச்சு ஐயா." "விசுவாசமா இரு, ஜெபிப்போம்." இவ்வளவுதான். அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டு. அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள்தான் குலுங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த உனக்கு என் குரல் கேட்டது. தோள் எப்படித் தெரியும்?

விளையாட்டுக்குத்தான் கூப்பிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். 'அவனைக் காப்பாற்ற அவள் எந்தப் பொய்யும் சொல்வாள்' என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த வரியை அப்படியே திருப்பிச் சொன்னார். வேத வசனம் மனப்பாடம் செய்கிறவர் அல்லவா? இனி நான் எதைச் சொன்னாலும் பொய் என்று நீ முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிட்டாய்.

இப்போது தன் தட்டைத் தானே கழுவுகிறார். தண்ணீர் கேட்டால்கூட, "உனக்குத் தொந்தரவு இல்லன்னா" என்கிறார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிப் பழக்கமில்லை. 'என்னங்க' என்றால் இந்த வயதில் நாக்கு கூசுகிறது. அதனால் கூப்பிடுவதே இல்லை. சாப்பாடு ஆனதும் தட்டை மேசைமேல் கொஞ்சம் சத்தமாக வைக்கிறேன். அவர் வருகிறார்.

நான் அழுதது உண்மைதான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உன் நாவலில் வரும் மனுஷனுக்குக் கோபம் வருகிறது, கத்துகிறான், தட்டைத் தள்ளிவிடுகிறான். இவருக்குக் கோபமாவது வந்திருக்கலாம். வியாதிக்காரர் வீடு, துக்க வீடு, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி வீடு என்று பேச்சையெல்லாம் வெளியே கொடுத்துவிட்டு வருவார். எனக்கு மிச்சம் இருக்காது. சாயங்காலம் முழுக்க எதிரில் உட்கார்ந்திருப்பார், 'ம்' என்பார். கெட்டவராக இருந்தால் யாரிடமாவது போய்ச் சொல்லலாம். நல்லவரைப் பற்றி என்னவென்று சொல்வது? இந்த வீட்டில் எங்களுக்குள் உயிரோடு இருந்தது அந்த ஒரு விளையாட்டுதான். நீ அதைப் போய்த் தொட்டாய்.

செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். செய்தது என்ன என்று அவருக்கு இன்னும் தெரியாது.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனாலும் வேறு யாருக்கு இதையெல்லாம் எழுதுவேன்?

உன் அக்கா


மே 1

என் அக்கா,

உன் கடிதத்தைப் படித்த அன்று ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கு நாள் மாற்றிக் கொடுத்துவிட்டேன். டாக்டர் என்னைத் திட்டியது காதில் ஏறவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. உன்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று உன் தலையிலேயே கல்லைப் போட்டுவிட்டேன்.

உடனே அத்தானுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். விளையாட்டு, உப்பு, ஜெபக் குறிப்பு எல்லாவற்றையும் விளக்கி, தப்பு என்னுடையது என்று எழுதி அனுப்பிவிட்டேன். இந்நேரம் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. கோபப்படாமல் கேள். இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. ஐந்தாம் அத்தியாயத்தை மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. நீ சொன்னபடியே, உண்மை எப்படியோ அப்படியே. சத்தமில்லாமல் குலுங்கும் தோள், தட்டைச் சத்தமாக வைப்பது. அக்கா, 'அவர் வருகிறார்' என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் நாவல் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு வரி இல்லை. பதிப்பாளரிடம் கோடி காட்டினேன், மனிதர் துள்ளிக் குதித்தார். அச்சில் வந்துவிட்டால் அத்தானும் நம்புவார், சபையும் வாயை மூடும், உன் பேரும் சரியாகும். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பின்னறை அப்படியே இருக்கிறது.

உன்
வாலு


மே 16

வாலுக்கு,

நீ அத்தானுக்கு எழுதியது வந்தது. படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "பாவம், தங்கச்சியை ஏன் இப்படிப் பொய் எழுத வெச்சே? நான்தான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டேனே, நீ இன்னும் பயப்படணுமா?" என்று அவ்வளவு அன்பாகக் கேட்டார்.

இரண்டாம் பதிப்பில் எதையும் சேர்க்காதே. அதை நான் என் தங்கைக்கு எழுதினேன். நாவல் எழுதுகிறவளுக்கு எழுதவில்லை. நீ அழுதுகொண்டே படித்திருப்பாய், எனக்குத் தெரியும். அழும்போதே எந்த வரி நன்றாக இருக்கிறது என்றும் பார்த்திருக்கிறாய்.

என் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டே இருந்தாயே, சொல்லிவிடுகிறேன். நாவல் நன்றாக இருக்கிறது. அந்தப் பெண்மேல் எனக்கே இரக்கம் வந்தது. ஆனால் நான் அழுதது அவளுக்காக இல்லை. கடைசிப் பக்கத்தில் அவள் போய்ச் சேரும் வீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தங்கை நிற்கிறாளே, அந்த இடத்தில்தான் அழுதேன். அந்தப் புத்தகத்திலேயே அதிகமாகத் தனித்துப்போனவள் அவள்தான். "தனியா இருக்க முடியலக்கா" என்று நீ என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் பஸ் பிடித்து வந்திருப்பேன். அதைச் சொல்ல உனக்கு என் புருஷனைப் புலியாக்க வேண்டியிருந்தது.

நான் அங்கே வரவில்லை. கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு.

உன் அக்கா


மே 24

அக்கா,

பதிப்பாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு எழுத்தும் மாறாது. நீ எழுதியதை யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். சத்தியம்.

நீ சொன்னது அத்தனையும் உண்மை. தனியாக இருக்க முடியவில்லை. இப்போது நேராகத்தான் சொல்கிறேன். வர வேண்டாம், எழுதினால் போதும். முன்பு எழுதியதுபோல் எழுது. பொருளாளரைக் கிண்டல் பண்ணி எழுது. என்னைத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். உன் வீட்டில் இப்போது எப்படி இருக்கிறது? அத்தான் பேசுகிறாரா? அவரை எப்படிக் கூப்பிடுகிறாய்? எனக்காக மட்டும் சொல்லு.

உன்
வாலு


ஜூலை 9

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே உன் நலம் அறிய ஆவல்.

ஒரு வாரமாக நல்ல மழை. சபைக் கட்டடத்துக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். பொருளாளரின் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அனைவருக்கும் மகிழ்ச்சி. காய்கறி விலை கொஞ்சம் கூடியிருக்கிறது. உன் அத்தான் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. வேறு விசேஷம் எதுவும் இல்லை.

இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

இப்படிக்கு,
அக்கா